பெட்டி பிரிக்காத சரக்கு

என்னிடம் இருந்த மோட்டார் வண்டியை எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்லமாட்டேன். நான் அதற்குச் செய்துவைத்த அலங்காரங்களைப் பார்த்திருந்தால், அமெரிக்காவில் அதைச் செய்தவனே வந்து தன் பெயர்த் தகட்டைக் கழற்றிக்கொண்டு போயிருப்பான். செங்கோட்டைக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டம் பார்த்த ஒரு துரை, சீமைக்குக் கப்பலேறுகிற அவசரத்தில் என் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி அது. மடக்குகிற துணிக்கூரை, நாலு சிலிண்டர், ஏறுவதற்கு இரண்டு பக்கமும் நீளப் பலகை. தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். நடுவில் நிற்காமல் போய்ச் சேர்ந்தால் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வேன். நின்றுவிட்டால் வாயைத் திறக்கமாட்டேன். ஆகையால் எங்கள் வீட்டில் வண்டிப் பேச்சு அதிகம் இருந்ததில்லை.

ஓடாவிட்டால் போகிறது, பார்க்கவாவது லட்சணமாக இருக்கட்டும் என்று சாமான் வாங்க ஆரம்பித்தேன். முதலில் ஹாரன். பித்தளையில் பாம்பு மாதிரி வளைந்து, மட்கார்டு ஓரமாக இறங்கி, முன்னால் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் ரப்பர்ப் பந்தை அமுக்கினால் அந்தப் பக்கம் எருமை கத்தும். பேரருவிக்கு எதிரே வண்டியை விட்டுவிட்டுக் குளிக்கப் போனபோது ஒரு குரங்கு அதை அமுக்கக் கற்றுக்கொண்டது. நான் அமுக்கினால் நகராத கூட்டம், அது அமுக்கினதும் விலகி வழிவிட்டது. அப்புறம் உள்ளே ஒரு கண்ணாடிப் பூக்குடுவை, பக்கவாட்டில் சுருக்கம் வைத்த திரை, எப்போதும் மூன்றே கால் காட்டுகிற ஒரு கடிகாரம். கடைசியாக, ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகப் பித்தளையில் ஒரு மயில். பண்பொழி மலைமேல் இருக்கிற குமாரசுவாமியை நினைத்து, பாத்திரம் வார்க்கிறவரிடம் சொல்லி வார்த்தது. ஆவி போவதற்கு அதன் மூக்கில் ஒரு துளை வைக்கச் சொல்லியிருந்தேன். இலஞ்சி வழியாகப் போனால் ஊரைத் தாண்டுவதற்குள் மயில் மூக்கிலிருந்து புகை கிளம்பும். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டதும் உண்டு.

"ஏங்க, மயிலுக்கு மூச்சு வாங்குது. எறங்கித் தண்ணி காட்டுங்க" என்பாள் என் மனைவி, பின் சீட்டில் இருந்தபடியே. "மாட்டுவண்டியில வந்திருந்தா இந்நேரம் குளிச்சுத் தலை காய்ஞ்சிருக்கும்."

வண்டியை ஓட்டினது நான். ஓட வைத்தது வேறொருவர். மதுரைச் சாலையில், குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு ஓலைக்கொட்டகையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் பத்து வருஷம் மோட்டார் வேலை பழகிவிட்டு வந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார்.

அவர் வேலை செய்கிற முறை தனி. ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரிப்பார். கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் கழற்றின வரிசையிலேயே அதன்மேல் வைப்பார். வேலை முடியும்போது வேட்டியில் ஒரு திருகாணிகூட மிஞ்சியிருக்காது. தேய்ந்தது என்று எதையாவது மாற்றினால், பழசைக் கரியும் எண்ணெயுமாகத் தாளில் சுற்றி, வாழைநாரால் கட்டி, வண்டிக்காரர் மடியில் வைத்துவிடுவார்.

"இது எதுக்கு பாய்? குப்பையில போடுங்க" என்றால் கேட்கமாட்டார்.

"உங்க சாமான் அண்ணாச்சி. குப்பையில போடணும்னா நீங்க போடுங்க" என்பார்.

வண்டியை விட்டுவிட்டு வந்தால் மெக்கானிக் நல்ல சாமானை உருவிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுவான் என்ற பயம் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் உண்டு. பாயிடம் மட்டும் வண்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம். அவருக்கு அந்தப் பெயர்தான் கைமுதல்.

பிழைப்பு என்று பார்த்தால் சீசன்தான். சாரல் விழ ஆரம்பித்தால் மதுரை, காரைக்குடி, திருநெல்வேலி வண்டிகளெல்லாம் குற்றாலத்துக்கு வந்து சேரும். சாரல் ஈரம் மனிதனுக்குத்தான் சுகம், மோட்டாருக்குச் சளி. காலையில் கிளம்பமாட்டேன் என்று அடம்பிடிக்கிற வண்டிகளை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வருவார்கள். மூன்று மாசமும் வாசலில் நாலைந்து வண்டி நிற்கும். மிச்ச ஒன்பது மாசத்துக்கு அவருக்கு இருந்தவை ரைஸ்மில் எஞ்சினும் என் வண்டியும். இரண்டில் ரைஸ்மில் எஞ்சினாவது ஓடிக்கொண்டிருந்தது.

யுத்தம் ஆரம்பித்து இரண்டாவது வருஷம். கப்பலில் மோட்டார் சாமான் வருவது அநேகமாக நின்றுபோயிற்று. அந்த நேரம் பார்த்து என் வண்டியின் கார்புரேட்டர் விரிசல் விட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. அது கெட்டால் வண்டி பட்டினி. பாய் விரிசலில் ஈயப் பற்று வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை.

"அண்ணாச்சி, இது இனிமே தாங்காது. ஆனா நீங்களா போயி எதையும் வாங்கிராதிய. கொல்லத்துல எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு. பத்து நாள் பொறுங்க, பாத்து எடுத்துட்டு வாறேன்" என்றார்.

நான் பொறுக்கிறவனா? சீசன் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. ரயிலேறி மதராஸ் போய்விட்டேன். மோட்டார் சாமான் கடை ஒன்றில் கடைக்காரன் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து முன்னால் வைத்தான். சுற்றிலும் நாடா கட்டியிருந்தது. அவிழ்த்தான். உள்ளே கல்யாணத்துக்கு அடித்த நகை மாதிரி மின்னுகிற கார்புரேட்டர்.

"பெட்டி பிரிக்காத சரக்கு சார். யுத்தத்துக்கு முந்தி வந்தது. இதுதான் கடைசி" என்றான்.

பெட்டி பிரிக்காத சரக்கை இவன் எப்படிப் பிரித்துக் காட்டுகிறான் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. கூடவே ஒரு பூக்குடுவையும் வாங்கிக்கொண்டேன். பழையதைக் குரங்கு உடைத்திருந்தது.

தென்காசி ரயிலடியில் இறங்கியதிலிருந்து எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். கொட்டகையில் பெஞ்சியில் மூன்று டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்க, "பெட்டி பிரிக்காத சரக்கு பாய்!" என்று நீட்டினேன்.

பாய் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணியால் ஒரு தடவை துடைத்தார். துணியில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த மஞ்சள் உள்பக்கமாகப் போகும்படி துணியை மெதுவாக மடித்துக்கொண்டார்.

"நல்லது அண்ணாச்சி" என்றார்.

டிரைவர்கள் எழுந்து போனபிறகுதான் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இங்கன பாருங்க. நம்பர் வெட்டியிருந்த எடத்த அரத்தால ராவியிருக்கான். மேல மினுக்குத் தடவியிருக்கு. உள்ள தண்டு ஆடுது. இது பத்து வருசம் ஓடித் தேய்ஞ்ச சாமான் அண்ணாச்சி."

என் முகம் போன போக்கை அவர் பார்த்திருக்கவேண்டும். உடனே, "அதுக்கு என்ன? தண்டச் சுத்திப் புஷ் அடிச்சு இறுக்கித் தாறேன். இந்த சீசனுக்கு ஓடும். மேட்டுல கொஞ்சம் இருமும், அவ்வளவுதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க பாட்டுக்குப் புதுசுன்னே சொல்லிக்கிடுங்க. நான் மூச்சு விடமாட்டேன்" என்றார்.

நான் பாட்டுக்குப் புதுசு என்றே சொல்லிக்கொண்டேன்.

குற்றாலத்தில் சீசன்தோறும் பங்களா எடுத்துத் தங்குகிற சப்-ஜட்ஜ் ஒருவர் இருந்தார், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த பங்களாவில் மதுரை ஜவுளி முதலாளி. நான் போனால் இரண்டு பேரும் எனக்கு நாற்காலி போடச் சொல்வார்கள். என் சொத்துக்காக இல்லை, வாய்க்காக. நான் பேச ஆரம்பித்தால் பக்கத்து பங்களாக்களிலிருந்தும் ஆட்கள் வந்து வராந்தாவில் நிற்பார்கள். அந்த மரியாதைக்காக நான் தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மதராஸ் போய்ப் புதுச் சாமான் வாங்கி வந்த கதையை மூன்று நாள் மூன்று விதமாகச் சொன்னேன்.

நாலாம் நாள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பினேன். மேட்டில் வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது. மயில் மூக்கில் ஆவி. ஜவுளி முதலாளிக்கு மோட்டார் விஷயம் கொஞ்சம் தெரியும். இறங்கிப் போய் எஞ்சின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். நான் கும்பிடாத தெய்வமில்லை.

"என்னங்க இது, பெட்டி பிரிக்காததுன்னு சொன்னீங்க? நம்பரை ராவி எடுத்திருக்கு. மேல இருக்கிற பளபளப்பெல்லாம் உரிஞ்சு வருது. இது கிழட்டுச் சாமான்ங்க" என்றார்.

சப்-ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ பொய்ச் சாட்சிகளைப் பார்த்த பார்வை அது.

'ஏமாந்துபோனேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். தீர்ந்துபோயிருக்கும். ஊரிலுள்ளவர்களையெல்லாம் நான் கேலி செய்வேன், என்னை நானே கேலி செய்துகொள்வேன். பிறர் என்னைக் கேலி செய்வதை மட்டும் அன்றுவரை பழகிக்கொள்ளவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"புதுசுதான் முதலாளி வாங்கினேன். எங்க ஊர் மெக்கானிக் கையில குடுத்தேன் பாருங்க, அங்கதான் சங்கதி! அவர் கொட்டகையில வண்டிகளுக்குள்ள சம்பந்தம் நடக்குது. என் வீட்டுப் பொண்ணு யார் வண்டிக்கு வாழப் போனாளோ, அந்த வண்டிக் கெழவி எனக்கு மருமகளா வந்து இருமுதா. இப்பமெல்லாம் ரோட்டுல எந்த வண்டி வந்தாலும் எறங்கி நின்னு கும்பிடுதேன். எந்த வண்டிக்குள்ள எனக்குச் சொந்தம் இருக்கோ!"

சப்-ஜட்ஜ் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜவுளி முதலாளி அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டியைத் தள்ள வந்த இரண்டு பேர் தள்ளாமல் சிரித்தார்கள். என் மானம் பிழைத்தது. அன்று சாயங்காலம் வராந்தாவில் கேட்டவர்களுக்காக இன்னொரு தடவை சொன்னேன். மறுநாள் காரைக்குடியிலிருந்து வந்தவர்களுக்காக நலங்கு, சீர்வரிசையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

ஒரு வாரம் கழிந்தது. அருவிக்குப் போகுமுன் பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கிற ஆள் என் முதுகில் தட்டிக்கொண்டே கேட்டான்.

"சாமி, சங்கதி கேட்டியளா? குத்துக்கல்வலசை மெக்கானிக்கு வண்டிகளுக்குள்ள கலியாணம் பண்ணி வைக்கானாம்லா?"

என் கேலியே எனக்குத் திரும்பி வருகிறது என்று உள்ளூரக் குளிர்ந்துபோய், "அப்படியா?" என்றேன்.

"ஆமா சாமி. போன வருசம் ஒரு ஜமீன் வண்டியில எஞ்சினயே மாத்திட்டானாம். கொல்லத்துல கொண்டுபோயி வித்துட்டானாம். போலீசு தேடுதாம்."

ஜமீனும் எஞ்சினும் போலீசும் நான் சொன்னவை இல்லை. என் வண்டிக்கு நான் மாட்டினதுபோல என் பேச்சுக்கு ஊரே சாமான் மாட்டிக்கொண்டிருந்தது. அன்று அருவியில் எவ்வளவு நேரம் நின்றும் எண்ணெய் போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி பாக்கு வெட்டிக்கொண்டே சொன்னாள்: "கடையநல்லூர் போயிட்டு மதுரை ரோட்டு வழியா வந்தேன். பாய் கொட்டகையில ஒரு வண்டி இல்ல. ஆடி மாசத்துல அங்கன நாய் படுத்துக் கெடக்கு. என்ன சொல்லித் தொலைச்சிய?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனேன். ஒரே ஒரு வண்டி நின்றது, ஜவுளி முதலாளியுடையது. சாரலில் நனைந்து செத்துப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் அனுப்பியிருந்தார். ஆனால் டிரைவரையும் கூடவே உட்காரச் சொல்லியிருந்தார். பாய் ஒவ்வொரு சாமானையும் கழற்றுவதற்கு முன்னால் டிரைவர் குனிந்து அதில் ஆணியால் ஒரு கீறல் போட்டான். கழற்றினபிறகு கீறலைப் பார்த்துக்கொண்டான். விரித்த வெள்ளை வேட்டியின் ஓரத்தில் செருப்புக் காலை வைத்துக்கொண்டு, பாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய் நிமிரவில்லை. முடித்தபின் மாற்றின பழசை வழக்கம்போலச் சுற்றி நாரால் கட்டிக் கொடுத்தார். டிரைவர் அங்கேயே கட்டைப் பிரித்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்தான். வண்டி போயிற்று.

"வாங்க அண்ணாச்சி. வண்டி இருமுதா?" என்றார் பாய், கையைத் துடைத்துக்கொண்டே.

"வண்டி நல்லாத்தான் இருக்கு."

பாய் வேட்டியின் ஓரத்தைத் தட்டி மடித்தார். பிறகு அவரே கேட்டார்: "நான் சாமான மாத்திட்டேன்னு சொன்னியளாமே?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டுதான் போனேன். வாயைத் திறந்தபோது வந்தது வேறு: "நீங்க மாத்தியிருந்தா இத விட நல்ல சாமான்லா பாய் போட்டிருப்பிய!"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக என் பேச்சுக்கு முதலில் சிரிக்கிறவர் அவர்.

"நீங்க சிரிப்புக்குத்தான் சொன்னியன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. சிரிச்சவங்களுக்குத் தெரியலையே. எங்க வாப்பாவுக்கு நூல நிறுத்துக் குடுப்பாக, நெய்ஞ்ச சேலைய நிறுத்து வாங்குவாக. ஒரு நாளும் எடை குறைஞ்சதில்ல. நான் தறிய விட்டுட்டு இங்க வந்தாலும் அந்தப் பேரக் கொண்டுதான் வந்தேன்."

எனக்குத் தலை தாழ்ந்துவிட்டது. "நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். அந்த ஜட்ஜ் ஐயாகிட்டயும் முதலாளிகிட்டயும், சாமான் வரும்போதே பழசுதான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. சீசன் இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. வண்டி வந்துரும்."

அன்று சாயங்காலமே போனேன். வண்டியை எடுக்கவில்லை, நடந்தே போனேன். வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எனக்கு நாற்காலி வந்தது. உட்காரவில்லை.

"ஒரு உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்று தொடங்கினேன். அதற்கே சிரித்தார்கள்.

"முதல்ல சத்தியப் பிரமாணம் ஆகட்டும்" என்றார் சப்-ஜட்ஜ், சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

சொன்னேன். மதராஸ் கடை, நாடா கட்டின பெட்டி, பிரித்துக் காட்டிய பிரிக்காத சரக்கு, துணியில் ஒட்டிய மஞ்சள் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. என் கெட்ட காலம், நடந்த கதை நான் கட்டின கதையைவிடச் சிரிப்பாக இருந்தது. நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள வைத்துக்கொள்ள அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்படியே வக்கீல் மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றாரே!" என்றார் ஒருவர்.

"நிஜமாகத்தான் சொல்கிறேன்" என்றேன்.

"சரிங்க, நிஜம்தான். இந்தச் சாட்சி சொல்றதுக்கு அந்த மெக்கானிக் உங்களுக்கு என்ன குடுத்தான்? அதைச் சொல்லுங்க" என்றார் ஜவுளி முதலாளி.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் கோபப்பட்டிருக்கவேண்டும். அல்லது பேசாமல் திரும்பிப் போயிருக்கவேண்டும். எது செய்திருந்தாலும் ஒருவராவது யோசித்திருப்பார். பன்னிரண்டு பேர் சிரிப்பை வாயில் அடக்கிக்கொண்டு காத்திருக்கும்போது என்னால் சும்மா நிற்க முடியவில்லை. அந்த ருசி எனக்கு அப்படி.

"மூணு திருகாணி குடுத்தாரு. அதுவும் உங்க வண்டியிலருந்து எடுத்ததுதான் முதலாளி" என்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் உட்கார்ந்துவிட்டேன். காபி வந்தது. குடித்தேன்.

மறுநாள் பாய் என்னைத் தேடி வரவில்லை, நானே போனேன்.

"சொல்லிட்டியளா அண்ணாச்சி?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"சிரிச்சாங்க."

திருகாணி விஷயத்தை நான் சொல்லவில்லை. இரண்டு நாளில் அதுவும் அவர் காதுக்குப் போயிருக்கும். அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. அதன்பிறகும் என் வண்டியை எப்போதும்போலப் பார்த்துக் கொடுத்தார். வேட்டியை விரித்தார், வரிசையாக வைத்தார், பழசைக் கட்டி மடியில் வைத்தார். பேச்சு மட்டும் வண்டியோடு நின்றுகொண்டது. சீசன் வண்டிகள் செங்கோட்டையில் ஒரு பட்டறைக்குப் போக ஆரம்பித்திருந்தன. அங்கே சாமான் மாறியதா, மாறவில்லையா, எனக்குத் தெரியாது. அதைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை.

அடுத்த சீசனில் வண்டி வந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நடந்துகொண்டிருந்த சீசன் முடிவதற்குள்ளேயே பெட்ரோலை அளந்து கொடுக்கக் கூப்பன் வந்துவிட்டது. மறுவருஷம் சாரல் நன்றாக விழுந்தது. அருவியில் தண்ணீரும் நன்றாக விழுந்தது. மதுரைச் சாலையில் மோட்டார்தான் இல்லை. சப்-ஜட்ஜ் திருநெல்வேலியிலேயே இருந்துவிட்டார். என் வண்டியும் கொட்டடியில் நின்றது. பூக்குடுவையில் பல்லி முட்டையிட்டது. பாய்க்குக் கைநிறைய வேலை இருந்திருக்கக்கூடிய கடைசிச் சீசன் எது என்று அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது.

ஒரு நாள் காலையில் பாய் வீட்டுக்கு வந்தார். வெளுத்த சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார். பெங்களூர்ப் பக்கத்தில் பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்க்கிற பட்டறையில் ஆள் எடுக்கிறார்களாம்.

"உள்ளூர்ப் பெரிய மனுசங்க ரெண்டு பேரு லெட்டர் வேணுங்காக அண்ணாச்சி. கை சுத்தம்னு எழுதித் தரணுமாம். ஒண்ணு ரைஸ்மில் முதலாளி குடுத்துட்டாரு. இன்னொண்ணு நீங்க குடுங்க."

நான் திடுக்கிட்டுப்போனேன். "நானா? பாய், நான் எழுதினா யாரு நம்புவா?"

"அங்கன உங்கள யாருக்கும் தெரியாதுல்லா. நம்புவாக" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. யோசித்து வைத்திருந்த ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

எழுதினேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதில் எழுதினேன். இவரைப் பத்து வருஷமாக அறிவேன். இவர் கையில் ஒப்படைத்த சாமானில் ஒரு திருகாணிகூடக் குறைந்ததில்லை. இவரைக் குறித்து வேறுவிதமாக யாராவது சொல்லியிருந்தால் அது பொய், அதைச் சொன்னவன் நான், என்று எழுதினேன். படித்துக் காட்டினேன். பாய் கேட்டுவிட்டு, "கடைசி வரிய எடுத்துருங்க அண்ணாச்சி. அவகளுக்கு அது எதுக்கு?" என்றார். எடுத்துவிட்டு நாலாவது தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்தபிறகும் அவர் திரும்பி வந்து பட்டறை திறக்கவில்லை.

அவர் போன அன்று மேஜைமேல் கிடந்த அந்த மூன்றாவது தாளை என் மனைவி எடுத்துப் படித்தாள்.

"இத அந்த ஜட்ஜுக்கு எழுதியிருக்கலாம்லா? அன்னைக்கே எழுதியிருந்தா உங்க மூஞ்சியப் பாக்காமப் படிச்சிருப்பாரு" என்றாள்.

பேச்சைத் தவிர வேறொரு வழி இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அன்றே உட்கார்ந்து சப்-ஜட்ஜுக்கு எழுதினேன். கடைசி வரியையும் சேர்த்தே எழுதினேன். நான்கு பக்கம் வந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. கடிதத்தை வீட்டிலுள்ளவர்களைக் கூட்டி வைத்து உரக்கப் படித்துக் காட்டினாராம். மருமகப்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டதாம். யுத்தம் முடிந்து எல்லோரும் பழையபடி குற்றாலத்தில் கூடும்போது, இதை என் வாயாலேயே இன்னொரு தடவை சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தார்.

அந்தப் பதிலை நான் என் மனைவியிடம் காட்டவில்லை.